சித்திரையில் உறக்கமில்லை, தையில் எழ முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் அம்மாபேட்டையில் மேல்தளத்தில் குடியிருக்கிறோம். கீழ்தளத்தில் எங்கள் விசைத்தறி. சித்திரை, வைகாசியில் இரவு ஒரு மணிக்கு முன் கண் அயர்வதில்லை. ஐந்தரைக்கு எழுந்துவிட்டு, மதியம் இரண்டு மணி நேரம் படுத்துவிடுகிறேன். மார்கழி, தையிலோ ஏழு மணியானாலும் எழ முடிவதில்லை, பகலெல்லாம் அசதி. ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்குக் கோடையில் இந்தத் தொல்லையே இல்லை. வீட்டில் சோம்பல் என்கிறார்கள். இது நோயா?

பதில்: அன்புச் சகோதரி, நாலரை மணி நேரமே உறங்கி எழுந்து வீட்டையும் தறியையும் பார்த்துக்கொள்பவரைச் சோம்பேறி என்பது அநியாயம், அந்தச் சொல்லை நீங்களாவது நம்பாதீர்கள்.

கோடைத் தொல்லைக்கான காரணம் உங்கள் அக்காவின் அனுபவத்திலேயே தெரிகிறது. இரண்டு ஊரிலும் பொழுது விடிவதும் அடைவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான்; ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு, 280 மீட்டர் அளவில் மலைகள் சூழ அமைந்த சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகவே உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெக்கைதான். உறக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். அதற்காகவே இரவில் கை, கால் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடி, சூடு வெளியேறுகிறது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை அனலை இறக்கிக்கொண்டிருக்க, மின்விசிறியும் அதே சூட்டைச் சுழற்றும் அறையில், அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. பங்குனி முடிவதற்குள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். கத்திரி வெயில் நாட்களிலாவது, தறி நின்ற பிறகு கீழ்தளத்திலோ, கொசுவலை கட்டி மாடியிலோ படுக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நல்லது. மதிய உறக்கம் மூன்று மணிக்கு முன், அரைமணி நேரத்தோடு முடியட்டும். இரண்டு மணி நேரம் உறங்கினால் இரவு உறக்கத்தில் அது கழிந்துவிடும்.

தையில் நடப்பது வேறு. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே உதிக்கும் சூரியன், ஜனவரிக் கடைசியில் ஏறக்குறைய 6.40-க்குத்தான் உதிக்கிறது, காலை வெளிச்சத்தைக் கொண்டே நேரம் கணிக்கும் மூளையும் அதற்கேற்பத் தாமதமாகிறது. குளிர்நாடுகளில் இதன் கடுமையான வடிவத்துக்குப் பருவகால மனச்சோர்வு என்று மருத்துவர்கள் 1984-இல் பெயரிட்டார்கள். நம் ஊரில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், அந்தப் பெயரை உங்களுக்குச் சூட்ட நான் அவசரப்பட மாட்டேன். ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து, விடிந்ததும் அரைமணி நேரம் வாசலில் வெளிச்சம் படும்படி இருங்கள். மார்கழிக் கோலத்தைச் சூரியன் உதித்த பிறகு போட்டாலும் குறையொன்றுமில்லை.

ஆனால் பகலெல்லாம் அசதி என்று எழுதியிருப்பதைப் பருவத்தின் மேல் மட்டும் போட்டுவிட எனக்கு மனமில்லை. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடல் கொதித்து வியர்ப்பதும் இரவைக் கெடுக்கும் என்பதால், அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்கவே வேண்டாம். வரும் வைகாசியில் ஒரு வாரம் அக்கா வீட்டில் தங்கிப் பாருங்கள்: அங்கே பத்து மணிக்கெல்லாம் உறக்கம் வந்தால் மாற்ற வேண்டியது உங்கள் அறையை, அங்கும் வராவிட்டால், படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.