போலந்து நாடு மேற்கே நகர்ந்தது என்கிறார்களே, எப்படி?

நகர்ந்தது என்பதைவிட நகர்த்தப்பட்டது என்பதே சரி.

1772, 1793, 1795 என மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகியவை போலந்தைப் பங்கு போட்டு விழுங்கின. 1918இல்தான் அது சுதந்திர நாடாக மீண்டது. 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் மறுபடி கூறு போட்டார்கள். அப்போது பிடித்த கிழக்குப் பகுதியில் பெரும்பாலானதைத் திருப்பித் தர ஸ்டாலினுக்கு மனமில்லை. 1943இல் டெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் மூன்று தீக்குச்சிகளை மேசையில் வைத்து, எல்லைகளை மேற்கே தள்ளலாம் என்று விளக்கினார். போலந்துப் பிரதிநிதி எவரும் அந்த மேசையில் இல்லை!

1945இல் அதுவே நடந்தது. கிழக்கே லிவிவ் நகரம் சோவியத் உக்ரைனுக்குப் போனது. மேற்கே ஓடர், நைஸ்ஸே ஆறுகள் எல்லையாயின. ஜெர்மனியின் பிரெஸ்லாவ், போலந்தின் விரோட்ஸ்வாஃப் ஆனது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டார்கள். லிவிவிலிருந்து பெயர்க்கப்பட்ட போலந்துக்காரர்கள் பலர் அந்த வீடுகளில் குடியேறினார்கள். லிவிவின் புகழ்பெற்ற ஒஸ்ஸோலினேயும் நூலகத்தின் நூல்களில் ஒரு பகுதிகூட அவர்களைப் போலவே இடம்பெயர்ந்தது.

இந்த எல்லையை ஒன்றுபட்ட ஜெர்மனி ஒப்பந்தம் மூலம் உறுதி செய்தது 1990இல்தான்.