விண்கல் இரும்பு வீரனை ஆதாஸ் பாலையில் உலவவிடலாமா?

கேள்வி: மூன்று நண்பர்களுக்காக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தை ‘டார்க் சன்’ என்ற கற்பனை உலகத்தில் நடத்திவருகிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர், வானிலிருந்து விழுந்த இரும்பில் வாளும் கவசமும் செய்துகொள்ளும் வீரனாக ஆட விரும்புகிறார். அது வேறோர் உலகத்துக்காக எழுதப்பட்ட ‘வகுப்பு’, அதாவது ஒரு பாத்திரத்தின் தொழிலையும் திறன்களையும் வரையறுக்கும் விதித்தொகுப்பு. உலோகமே அரிதான இடத்தில் இதை அனுமதித்தால் மற்றவர்களின் ஆட்டம் கெட்டுவிடாதா?

பதில்: தாராளமாக அனுமதியுங்கள். இந்த வகுப்புக்கு டார்க் சன்னின் ஆதாஸ் உலகத்தைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது. கவசத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். 1991இல் டார்க் சன் வெளிவந்தபோதே ஆதாஸ் செந்நிறச் சூரியன் காயும் பாலையாகத்தான் இருந்தது. முழு உலோகக் கவசம் அணிந்தவன் அங்கே பகைவனைப் பார்ப்பதற்கு முன்பே வெயிலில் வெந்துபோவான். காசுகூடச் சுடுமண்ணில் செய்தது. ஆயுதம் என்றால் எலும்பு, கல், மரம், எரிமலைக் கண்ணாடி. அப்படிப்பட்ட ஊரில் நீளமான இரும்பு வாளோடு ஒருவன் முதல் காட்சியிலேயே வந்து நின்றால், நீங்கள் பயப்படுவதுபோல மற்ற மூன்று பேரும் அவனுக்கு எடுபிடிகளாகிவிடுவார்கள்.

எனவே அளவைக் குறையுங்கள். இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த முன்மாதிரி வடமேற்கு கிரீன்லாந்து. அங்கு வாழ்ந்த இனுயிட் மக்களுக்கு உலோகம் தந்தவை கேப் யார்க் பகுதியில் விழுந்து கிடந்த விண்கற்கள். ‘கூடாரம்’, ‘பெண்’, ‘நாய்’ என்று அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தார்கள். உலை கிடையாது. கருங்கல் சுத்தியல்களைத் தொலைவிலிருந்து சுமந்துவந்து, மணிக்கணக்கில் அடித்துச் சிறு சில்லுகளைப் பெயர்த்தார்கள். ஒவ்வொரு சில்லையும் குளிர்ந்த நிலையிலேயே தட்டித் தட்டித் தகடாக்கி, எலும்பிலோ வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்திலோ பள்ளம் வெட்டி அதில் வரிசையாகச் செருகினார்கள். கத்தியின் உடல் எலும்பு, விளிம்பு மட்டும் இரும்பு. உங்கள் வீரன் முதல் நிலையில், அதாவது ஆட்டத்தின் தொடக்கப் படியில், ஏந்த வேண்டியது இந்தக் கத்தியைத்தான். மூன்று சில்லுகள் போதும்.

அடுத்து அந்த வீரனின் மந்திர சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இந்த இடத்தில் உண்மையான உலோகவியலே உங்களுக்கு ஓர் அழகான விதியைத் தருகிறது. நிக்கல் கலந்த விண்கல் இரும்பு விண்வெளியில் பல லட்சம் ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்தது. அதை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வரிகள் பின்னலாகத் தெரியும். விட்மன்ஸ்டேட்டன் கோலம் என்பார்கள். உலையில் கடுமையாகக் காய்ச்சினால் அந்தக் கோலம் அழிந்துவிடும், மறுபடி வராது. எகிப்து மன்னன் துட்டன்காமுனின் விண்கல் இரும்புக் கத்தியில் அதன் சுவடு இன்னும் இருப்பதை 2022இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். கத்தி 950 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான வெப்பத்தில் அடிக்கப்பட்டது என்று அதிலிருந்தே கணித்தார்கள்.

இதை அப்படியே விதியாக்குங்கள். மந்திரம் கோலத்தில் இருக்கிறது. குளிர்நிலையில் அடித்தால் கோலம் தங்கும், ஆனால் சின்னச் சின்னத் தகடுகள்தான் கிடைக்கும். ஒரு சில்லுக்கு ஒரு சக்தி, நாளுக்கு ஒரு முறை என்று வையுங்கள். உலையில் இட்டால் நீண்ட வாள் கிடைக்கும், உறுதியாகவும் இருக்கும், ஆனால் அது வெறும் இரும்பு. ஒவ்வொரு புதுத் துண்டு கிடைக்கும்போதும் அவர் எதையாவது இழந்தாக வேண்டும். அந்தத் தயக்கம்தான் இந்த வகுப்பின் உயிர். மூல வகுப்பில் ஒவ்வோர் அடிக்கும் கிடைக்கும் கூடுதல் சேதப் புள்ளிகளை நான் முழுவதுமாக நீக்கிவிடுவேன்.

உலை வழியும் எளிதாக இருக்க வேண்டாம். 1621இல் ஜலந்தர் அருகே விழுந்த விண்கல்லைப் பற்றி ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த இரும்பு சுத்தியலுக்குத் தாங்காமல் சிதறியது. மூன்று பங்கு விண் இரும்போடு ஒரு பங்கு சாதாரண இரும்பைச் சேர்த்த பிறகுதான் வாளும் கத்தியும் செய்ய முடிந்தது. ஆதாஸில் அந்த ஒரு பங்குக்கு எங்கே போவது? இரும்புச் சுரங்கம் உள்ள டைர் நகரத்துக்குத்தான். ஆக, வாள் வேண்டும் என்றால் அவர் அந்நகரை ஆளும் சூனிய அரசனின் அதிகாரிகளிடம் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் கள்ளச்சந்தையில் எல்ஃப் என்னும் கற்பனை இனத்து வணிகர்களிடம் பேரம் பேச வேண்டும். இரண்டிலும் மற்ற ஆட்டக்காரர்களுக்கு வேலை இருக்கிறது.

அவர் எந்த இனம் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், ட்வார்ஃப் என்னும் குள்ளர் இனத்தைப் பரிந்துரையுங்கள். ஆதாஸின் ட்வார்ஃப்கள் ஒரே குறிக்கோளுக்காக வாழ்பவர்கள்; அதை முடிக்காமல் இறந்தால் பேயாக அலைவார்கள். சிதறிப்போன ஒரு விண்கல்லின் துண்டுகளையெல்லாம் ஒன்றுசேர்ப்பது என்பதைவிட நல்ல குறிக்கோள் இருக்குமா?

கல்லுக்கு உரியவர்கள் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கேப் யார்க் கற்களில் மிகப் பெரியது சுமார் 31 டன். தலைமுறை தலைமுறையாக மக்கள் பயன்படுத்திய அந்தக் கற்களை அமெரிக்கத் துருவப் பயணி ராபர்ட் பியரி கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பெரிய கல் போனது 1897இல். இன்று அது நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். உங்கள் பாலையிலும் ஒரு குலம் காலங்காலமாகச் சில்லு பெயர்த்துவந்த கல் ஒன்று இருக்கட்டும். அதை இழுத்துப்போக ஓர் அரசன் ஆட்களை அனுப்பட்டும். உங்கள் வீரனின் கத்தியில் இருக்கும் மூன்று சில்லுகளும் அந்தக் கல்லிலிருந்து வந்தவை என்றால், அவர் யார் பக்கம் நிற்பார் என்று நால்வருமே கேட்பார்கள்.

கடைசியாக ஒரு சிறிய உத்தி. சில்லுகளைத் தாளில் எண்ணாக எழுதவிடாதீர்கள். நான் நடத்திய ஆட்டத்தில் ஒரு சில்லுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தேன். சக்தியைப் பயன்படுத்தினால் கொட்டையைக் கவிழ்த்த கிண்ணத்துக்கு அடியில் வைக்க வேண்டும். விடிந்தால் திரும்ப வரும். உலையில் இட்டால் என் கையில் கொடுத்துவிட வேண்டும். நான்கு வாரம் கழித்து முதல் கொட்டையை என்னிடம் நீட்டிய, அந்த வீரனாக ஆடிய பெண், பாதி வழியில் கையை இழுத்துக்கொண்டு, “இன்னும் ஒரு நாள் யோசிக்கிறேன்” என்றார்.