கோழிக்கழிச்சல்: சேலம் வட்டார வளர்ப்பாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஓமலூர்: ஐயா, நேற்றுவரை நன்றாக மேய்ந்த நாட்டுக்கோழிகள் இன்று இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கின்றன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது. ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றுகிறது.

தம்பி, வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் தெரிகிறது. ராணிக்கெட் என்பதும் இதுவே. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, பெட்டைகள் ஓடில்லாத தோல்முட்டை இடுகின்றனவா என்று பாருங்கள். பறவைக்காய்ச்சலும் இப்படித் தோன்றும் என்பதால், செத்ததை அறுக்காமல் இன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். இது வைரஸ், குணப்படுத்த மருந்து இல்லை. சீக்குக் கோழியைத் தனியே அடையுங்கள். செத்ததை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். மிஞ்சியதைச் சந்தையில் தள்ளிவிட மட்டும் நினைக்காதீர்கள். வாங்குகிறவர் வீட்டுக் கோழி மொத்தமும் போய்விடும்.

ஆத்தூர்: தடுப்பூசி எந்த வயதில்?

ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, குடிதண்ணீரில். எட்டாவது வாரம் இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. இந்த ஊசியைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயாகிவிடும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்கிவிடுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: தண்ணீரில் மருந்து கொடுத்தும் செத்தனவே?

குழாய்த் தண்ணீரில் கலந்தீர்களா அக்கா? அதிலுள்ள குளோரின் தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பில்லாத பால்பொடி சேர்த்துக் காலையிலேயே கொடுங்கள். நோய் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தாலும் மருந்து காப்பாற்றாது.

ஏற்காடு: மலைதான் குளிராக இருக்கிறதே, மருந்தைப் பையில் போட்டு எடுத்துவரலாமா?

கூடாது. மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஏறும் நேரம் முழுக்க ஐஸ் பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

வாழப்பாடி: எங்கள் ஆத்தா கீழாநெல்லி, சீரகம், மிளகு அரைத்துக் கொடுத்தே காப்பாற்றினார். ஊசியெல்லாம் வியாபாரம்.

நானும் அரைத்துக் கொடுப்பவன்தான். கழிச்சல் எல்லாமே ராணிக்கெட் இல்லை. குடற்புழுவிலும் கழியும், ரத்தக்கழிச்சல் என்பது வேறு. அவற்றில் தேறிய கோழியைக் காட்டி வைரஸுக்கும் இதுவே போதும் என்பது ஆபத்து. வியாபாரம் என்கிறீர்களே, பிப்ரவரியில் அரசு முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

வாழப்பாடி, மறுபடியும்: அப்படியென்றால் பிழைத்தவை எப்படிப் பிழைத்தன?

எல்லாக் கிருமியும் ஒரே வீரியம் கொண்டதல்ல. சில கோழி தானாகவே தாங்கும், ஆனால் கழுத்துத் திருகல் நிற்காமலே போகலாம். ஆத்தா காலத்தில் செத்தவற்றை எண்ணியது யார் அண்ணா? பாட்டி வைத்தியத்தை நான் இகழவில்லை. ஊசியைப் போட்டுவிட்டு அதையும் கொடுங்கள்.

மேச்சேரி: பச்சையாகக் கழிகிறது, என்ன மருந்து?

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

எடப்பாடி: ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

வைரஸுக்குக் கேட்காது. ஓமலூர்க்காரருக்கு மேலே சொன்னதைப் படியுங்கள்.

சங்ககிரி: கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம்.

அது அம்மை. கொசு பரப்பும். தடுப்பூசியும் வேறு.

தாரமங்கலம்: எல்லாம் செத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் புதிதாக வாங்கலாமா?

இந்த ஞாயிறு வேண்டாம் தம்பி. எருவை வாரிப் புதைத்து, கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதமாவது காலியாக விடுங்கள். பிறகு வாங்கினாலும் சந்தைக் கோழியை மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு வையுங்கள். அதற்குத் தீனி போட்டுவிட்டு அதே செருப்போடு கூண்டுக்குள் போகாதீர்கள்.