எக்கோ எடுக்கப் போகும் பாம்பன் சகோதரிக்கு

சகோதரி, இரண்டு வயது மகனின் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தூக்கமில்லை, வியாழக்கிழமை மதுரையில் எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) என்று எழுதியிருந்தீர்கள். கீழக்கரையிலிருந்து என் மகளுக்காக நானும் போய் வந்தவள்தான்.

நீங்கள் மாசமாக இருந்தபோது எடுத்த ஸ்கேன் மாதிரிதான் இதுவும். ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. நெஞ்சில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கும், பிள்ளைகள் அதற்குத்தான் சிணுங்கும். வீட்டிலேயே நெஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, டப்பா மூடியை உருட்டி விளையாட்டுக் காட்டிப் பழக்குங்கள்.

அசையாமல் படுக்கச் சிலருக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். அப்படியானால் பாலையும் சாப்பாட்டையும் எப்போது நிறுத்த வேண்டும் என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள். இருட்டோடு கிளம்பி, பரமக்குடியில் பஸ் நிற்கும்போது பாசத்தில் ஒரு இட்லி ஊட்டிவிட்டால் அன்றைய டெஸ்டே தள்ளிப்போகலாம்!

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சத்தம் பல நேரம் தீங்கில்லாததுதான். ஆனாலும் "ஒன்றும் இருக்காது" என்று ஆளாளுக்குச் சொன்னால் எரிச்சல்தான் வரும், எனக்கும் வந்தது. ராத்திரி யூடியூப் மட்டும் வேண்டாம். சந்தேகங்களைத் தாளில் எழுதி டாக்டரிடமே கேளுங்கள்.

உதடு நீலமானாலோ மூச்சு வாங்கினாலோ வியாழக்கிழமை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.