எர்லி சைல்ட்ஹூட் + கிரிமினாலஜி: சேர்த்துப் படிக்கலாமா? கேள்வி பதில்

இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்களில் குழந்தைப் பருவக் கல்வியையும் குற்றவியலையும் சேர்த்து ஒரே பி.ஏ. பட்டமாக எடுக்கலாம். நான் படித்தது அதுதான். இப்போது லண்டனில் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) யூத் ஜஸ்டிஸ் குழுவில், அதாவது சட்டச் சிக்கலில் மாட்டும் இளையோரோடு, வேலை. இந்தப் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டிருந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஹாரோவிலிருந்து ஒரு அம்மா: மகள் ஏ லெவல் படிக்கிறாள். நர்சரிப் பிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பமாம், கிரிமினாலஜியும் வேண்டுமாம். பால்குடிப் பிள்ளைக்கும் ஜெயிலுக்கும் என்ன சம்பந்தம் தங்கச்சி?

சம்பந்தம் நிறைய இருக்கிறது அக்கா. ஆனால் "இந்தப் பிள்ளை வளர்ந்து திருடனாவானா" என்று ஜோசியம் பார்க்கிற படிப்பு இல்லை இது. வீட்டில் அடிதடி நடக்கும்போது மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகிறது, அப்பா சிறைக்குப் போனால் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள், நடந்ததைச் சின்னப் பிள்ளையிடம் எப்படிக் கேட்டால் அது நீதிமன்றத்தில் நிற்கும், இப்படிப் போகும். 2021ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டத்தையே பாருங்கள். பெரியவர்களுக்கு இடையே நடக்கும் வன்முறையைக் கண்டோ கேட்டோ பாதிப்புக்கு உள்ளாகிற பிள்ளையையும் பாதிக்கப்பட்டவராகவே அது கருதுகிறது. "பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தது, அதுக்கு ஒன்றும் தெரியாது" என்று நம் வீடுகளில் சொல்வது சட்டத்தின் முன் இனி எடுபடாது. இதை நர்சரியிலிருந்து மட்டும் பார்த்தாலும் பாதிதான் தெரியும், போலீஸ் பக்கமிருந்து மட்டும் பார்த்தாலும் பாதிதான்.

மூன்று வருஷமும் என்ன படிப்பார்கள்?

வருஷத்துக்கு 120 கிரெடிட், மொத்தம் 360. பெரும்பாலும் பாதிக்குப் பாதி. ஒரு பக்கம் குழந்தை வளர்ச்சி, விளையாட்டு, மொழி, குழந்தைப் பாதுகாப்பு. மறுபக்கம் குற்றவியல் கோட்பாடுகள், தண்டனை முறை, இளையோர் நீதி, ஆய்வு முறைகள். இரண்டு துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கட்டுரைக்கும் ஒரே வெள்ளிக்கிழமை கடைசி நாளாக வரும். இரண்டையும் இணைக்கிற வேலை உங்கள் தலையில்தான், அதுவும் பெரும்பாலும் மூன்றாம் வருஷ ஆய்வேட்டில்தான் நடக்கும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதைத்தானே இந்தப் படிப்பு மூன்று வருஷம் இழுத்துச் சொல்கிறது?

இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷத்திலேயே ஜான் பவுல்பி என்ற மனநல மருத்துவர் பாடத்தில் வருவார். லண்டன் கிளினிக் ஒன்றுக்கு வந்த, திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி 1944இல் எழுதினார். அவர்களில் 14 பேரை யார்மேலும் பாசமே இல்லாதவர்கள் என்று வகைப்படுத்தினார். அந்த 14இல் 12 பேர் சிறுவயதில் தாயை விட்டு நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். கேட்டதும் "அதானே பார்த்தேன்" என்று தோன்றும். ஆனால் அவர் தொடங்கியது திருடிய பிள்ளைகளிடமிருந்து. அங்கிருந்து பின்னோக்கிப் போனார். தாயைப் பிரிந்திருந்தும் ஒழுங்காக வளர்ந்து, கிளினிக் வாசலையே மிதிக்காத பிள்ளைகள் அவர் கணக்கில் வர வழியே இல்லை.

முன்னோக்கிப் போன ஆய்வுகள் பிறகு வந்தன. 1961இல் தென் லண்டனில் 8 வயதை ஒட்டிய 411 பையன்களோடு டொனால்ட் வெஸ்ட் ஒன்றைத் தொடங்கினார், டேவிட் ஃபாரிங்டன் அதைப் பல பத்தாண்டுகள் கொண்டுபோனார். வறுமை, தண்டனை பெற்ற பெற்றோர், கடுமையான வளர்ப்பு எல்லாம் பிற்காலக் குற்றத்தோடு சேர்ந்து வந்தது உண்மைதான். 6 சதவீதத்துக்கும் குறைவான குடும்பங்களிலேயே மொத்தத் தண்டனைகளில் பாதி விழுந்தது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டதைச் சொல்லுங்கள்: பெரியவனாகிச் சமூக விரோதமாக நடப்பவன் அநேகமாகச் சின்ன வயதிலும் அப்படியே இருந்திருப்பான், ஆனால் சின்ன வயதில் அப்படி இருந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதிப் படிப்பு முடிந்தது என்பேன். உளவியலாளர் டெர்ரி மொஃபிட் 1993இல் சொன்னதும் இதை ஒட்டியதே. பதின்ம வயதில் தப்புத்தண்டா செய்பவர்களில் பெரும்பகுதி அந்த வயதோடு நிறுத்திவிடுகிறார்கள், வாழ்நாள் முழுக்கத் தொடர்வது ஒரு சிறு கூட்டம்.

சரி, சின்ன வயதில் கைகொடுத்தால் பலன் உண்டா? அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி ப்ரீஸ்கூல் ஆய்வில் 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் இருந்தார்கள், குலுக்கலில் ஒரு பகுதியினருக்கு நல்ல பாலர் பள்ளி கிடைத்தது. 40 வயதில் பார்த்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் பாலர் பள்ளிக்குப் போனவர்களில் 36 சதவீதம், போகாதவர்களில் 55 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அது ஒரே ஊர், சின்னக் கூட்டம். 36 என்பது பூஜ்யமும் இல்லை. பாலர் பள்ளி திறந்தால் சிறையை மூடலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த 36ஐச் சொல்வதில்லை.

எங்கள் ஸ்கூலில் ஏஸ் ஸ்கோர் என்று ஏதோ போடுகிறார்கள். நாலு வந்தால் ஆபத்தாமே?

சின்ன வயதில் பட்ட கஷ்டங்களை எண்ணிப் போடுகிற மார்க் அது. அந்தக் கஷ்டங்களுக்குப் பிற்கால உடல்நலத்தோடு என்ன தொடர்பு என்று ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. மக்கள்தொகை அளவில் பயன்படும். தனி ஒரு பிள்ளைக்கு மார்க் போட அது ஏற்றதல்ல என்று ஆண்டாவே 2020இல் எழுதிவிட்டார். யாராவது உங்கள் பிள்ளைக்கு அப்படி எண் சொன்னால், எந்த அடிப்படையில் என்று தயங்காமல் கேளுங்கள்.

நேர்முகத்தில் "பத்து வயதில் குற்றப் பொறுப்பு சரியா" என்று கேட்பார்களாம். என்ன சொல்வது அக்கா?

சரி, தப்பு என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதே தம்பி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயது. ஸ்காட்லாந்தில் 12. நார்வேயில் 15. இந்தியாவில் 7தான், 12 வரை பிள்ளைக்கு விவரம் தெரிந்ததா என்று பார்க்கச் சொல்கிறது சட்டம். இலங்கையில் 8 ஆக இருந்ததை 2018இல் 12 ஆக்கினார்கள். குறைந்தது 14 என்பது ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவின் பரிந்துரை.

1993இல் லிவர்பூல் அருகே பூட்டிலிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை இரண்டு பத்து வயதுப் பையன்கள் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் விசாரணை, பத்திரிகைகளில் பெயர், படம். 10 முதல் 13 வயதுப் பிள்ளைக்குத் தான் செய்தது பெரும் தவறு என்று தெரிந்திருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்ற பழைய பாதுகாப்பையும் 1998இல் எடுத்துவிட்டார்கள். பூட்டில் சம்பவத்துக்கு மறு வருஷம், 1994இல், நார்வேயின் ட்ரொண்ட்ஹைமில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சிறுவர்களால் இறந்தாள். அந்தப் பையன்களின் பெயர் வெளியாகவில்லை, வழக்கும் இல்லை. மறுபடி பாலர் பள்ளிக்கு அனுப்பி, உளவியல் உதவி கொடுத்தார்கள். நார்வேப் பையன்கள் லிவர்பூல் பையன்களைவிடச் சின்னவர்கள், அந்த வயது வித்தியாசத்தை நீயே சொல்லிவிடு. அப்புறம் உன் கருத்தைச் சொல். என் கருத்து 14 பக்கம்தான், அதை அப்படியே ஒப்பிக்க வேண்டாம்.

டீச்சர் ஆகலாமா? நர்சரியில் உடனே வேலை கிடைக்குமா?

பிரைமரி டீச்சராக வேண்டுமானால் பட்டத்துக்குப் பிறகு பி.ஜி.சி.இ. மாதிரி ஒரு வருஷப் பயிற்சி. ஜி.சி.எஸ்.ஈ. (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) கணிதம், ஆங்கிலம், அறிவியல் மூன்றிலும் கிரேடு 4 இருக்க வேண்டும். பலர் அறிவியலைக் கோட்டைவிட்டுக் கடைசியில் தவிப்பார்கள்.

நர்சரியில்தான் சிக்கல். இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்று பிள்ளைக்கு ஒருவர். அதில் தகுதி பெற்றவராக எண்ணப்பட உங்கள் பட்டம் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கு மதிப்பிடப்பட்ட பிளேஸ்மென்ட் (பிள்ளைகளோடு நேரடி வேலைப் பயிற்சி) முக்கியம். தனி எர்லி சைல்ட்ஹூட் பட்டத்தில் இது சாதாரணமாக வந்துவிடும். இரட்டைப் பட்டத்தில் பல இடங்களில் வராது. பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும் ஓபன் டேயில் வேறெதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சோஷியல் வொர்க்கர் ஆக இந்தப் பட்டம் மட்டும் போதாது, மேலே அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வேண்டும். தண்டனை பெற்றவர்களை வெளியே கண்காணிக்கிற புரொபேஷன் அதிகாரிக்கும் தனிப் பயிற்சி உண்டு, அங்கே கிரிமினாலஜி கை கொடுக்கும்.

ஃபோரென்சிக் சைக்காலஜிஸ்ட்?

இதன் வழியாக நேரே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட உளவியல் பட்டம் வேண்டும். அதுதான் ஆசை என்றால் இப்போதே பாடத்தை மாற்றிவிடுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு அப்பா: மகன் இதைப் படிக்கப் போகிறேன் என்கிறான். ஆம்பிளைப் பிள்ளை நர்சரியிலா என்று சொந்தக்காரர் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் அண்ணா. இங்கிலாந்து நர்சரிகளில் ஆண்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான், அதனால் அவனுக்கு வேலைக்கு மவுசு. சம்பளம் குறைவு என்ற கவலை நியாயமானது, அதை அவனிடம் நேராகப் பேசுங்கள். சொந்தக்காரர் சிரிப்பதை அவனிடம் கொண்டுபோகாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து: கடன் வாங்கி இங்கிலாந்து வந்து இதைப் படிக்கலாமா?

வேண்டாம் என்பேன், இளங்கலைக்கு. இங்குள்ளவர்களுக்கு 2025–26இல் கட்டணம் 9,535 பவுண்டு. உங்களுக்கு ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ வரும். படித்து முடித்துத் தங்கும் விசா 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷமாகிறது. 2025 ஜூலைக்குப் பிறகு வேலை விசாவுக்குப் பட்டதாரி நிலை வேலை வேண்டும், நர்சரி ஊழியர் வேலை அந்த நிலைக்குக் கீழே. கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

உங்கள் ஊரிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தியாவின் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணியாளராக உட்காரக் குழந்தைகள் நலத்தில் ஏழு வருஷ அனுபவம் வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டத்தோடு தொழில் செய்பவராக இருக்க வேண்டும். குற்றவியல் அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை செய்து அனுபவம் சேருங்கள், பிறகு ஒரு வருஷ முதுகலைக்கு உதவித்தொகையோடு வாருங்கள்.

நான் சண்டைக் காலத்தில் வன்னியில் வளர்ந்தவள். இப்படிப்பட்ட பாடங்களைத் தாங்குவேனா?

தாங்குவதா இல்லையா என்பது வாரத்துக்கு வாரம் மாறும் தங்கச்சி. தொடக்கத்திலேயே பெர்சனல் டியூட்டரிடம் (உங்களைக் கவனிக்க ஒதுக்கப்பட்ட ஆசிரியரிடம்) ஒரு வரியில் சொல்லி வையுங்கள், முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. எந்த வாரம் எந்தத் தலைப்பு என்பது முன்கூட்டியே வெளியாகும். கஷ்டமான வாரத்துக்கு மாற்றுக் கட்டுரைத் தலைப்பு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்பில் "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது உற்சாகமாகக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுங்கள். நீங்கள் மாணவி, சாட்சி இல்லை.

ஆய்வேட்டுக்கு இரண்டும் சேர்கிற தலைப்பு ஒன்று சொல்லுங்கள் அக்கா.

சிறையில் அம்மாவோடு வளரும் குழந்தைகள். இங்கிலாந்தில் ஆறு பெண்கள் சிறைகளில் தாய் சேய்ப் பிரிவு இருக்கிறது, பொதுவாக 18 மாதம் வரை பிள்ளை கூட இருக்கலாம். இந்தியாவில் 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 6 வயது வரை. ஏன் ஒரு நாட்டுக்கு 18 மாதம், இன்னொன்றுக்கு 6 வருஷம், பிரிக்கிற நாளில் யார் என்ன செய்கிறார்கள் என்று தோண்டினால் ஆய்வேடு தானாக வளரும். கைதிகளை நேரில் பேட்டி எடுக்க இளங்கலை மாணவருக்கு அநேகமாக அனுமதி கிடைக்காது, அதில் மாதங்களை வீணாக்க வேண்டாம். சிறை ஆய்வாளர் அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசம். ஸ்டைல் என்ற பெண்கள் சிறையின் அறிக்கையில் தொடங்கலாம், அங்கே இந்தப் பிரிவு இருக்கிறது.