சத்தம் கன்ராடா, டேப்பட்டா? – பைக் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். "மெக்கானிக் இன்ஜின் போச்சுங்கிறார், பிரிக்கச் சொல்லட்டுமா?" அதனால் மைலேஜ், டயர் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இன்ஜினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது 100 சிசி பைக், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாக இன்ஜினில் 'டக் டக்' என்று சத்தம். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கன்ராடு போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும், 12,000 ஆகும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கன்ராடு என்பது பிஸ்டனையும், இன்ஜினின் அடியில் சுற்றும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கம்பி. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்ததை மட்டும் வைத்து 12,000 ரூபாய் வேலைக்குத் தலையாட்டாதீர்கள். பிரிக்காமலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் சத்தம் எங்கே, எப்போது என்று கவனியுங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் இடம் ஓரளவு பிடிபடும் (சைலன்சரில் கை பட்டுவிடாமல்). ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) 'டிக் டிக்' என்று மெலிசாகக் கேட்டால் டேப்பட், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் பாகம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டேப்பட்டைத் தள்ளும் கேம் ஒரு சுற்று சுற்றும், அதனால் இந்தச் சத்தம் இன்ஜின் வேகத்துக்குப் பாதி வேகத்தில்தான் வரும். பக்கவாட்டில் சலசலவென்று கேட்டால் டைமிங் செயின், அல்லது அதன் டென்ஷனர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று அடித்து, சூடானதும் குறைந்துவிட்டால் பிஸ்டன் போரில் (அது ஏறி இறங்கும் சிலிண்டர் துளையில்) லூசாக ஆடுகிறது என்று அர்த்தம், அதற்காக இன்றைக்கே பதற வேண்டியதில்லை.

கன்ராடு கிராங்க்கோடு சேருமிடத்தில் இருக்கும் பெரிய பேரிங்கின் சத்தம் இதற்கு நேர்மாறு. கீழே, கிராங்க் கேஸிலிருந்து கனமாக வரும், இன்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் கூடும், மேட்டில் லோடு கொடுத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். அப்படித்தான் இருக்கிறதென்றால் அடுத்த சோதனை இது. பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை உள்ளே விட்டு, பிஸ்டன் தலையில் லேசாகத் தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள் (கம்பி வேண்டாம், பிஸ்டனைக் கீறும்). மேக்னெட் (கிராங்க் முனையில் கரண்ட் தயாரிக்கும் சக்கரம்) பக்க நட்டில் ஸ்பேனர் போட்டு, பிஸ்டன் பாதி உயரத்தில் நிற்கும்படி கொண்டுவந்து, அங்கேயே முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ஸ்பேனர் அசைந்தவுடனே ஸ்ட்ராவும் அசைய வேண்டும். ஸ்பேனர் கொஞ்சம் சும்மா நகர்ந்து, 'டொக்'கென்று எதிலோ பிடித்த பிறகுதான் ஸ்ட்ரா நகர்கிறதென்றால் ராடில் ஆட்டம் இருக்கிறது. பிஸ்டனை உச்சியில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், அந்த இடத்தில் கிராங்க் திரும்பினாலும் பிஸ்டன் அநேகமாக அசையாது, நல்ல இன்ஜினையும் கெட்டது என்று காட்டிவிடும்.

அப்புறம் ஆயில். சூடாக இருக்கும்போதே டிரெயின் செய்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி வெயிலில் பிடித்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் துணிக்கு அடியில் ஓட்டுங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி கொஞ்சம் ஒட்டினால் பரவாயில்லை, எல்லா இன்ஜினிலும் இருக்கும். கையில் நெருடுகிற துணுக்கோ, தகடு போன்ற சிம்புகளோ காந்தத்தில் ஒட்டினால் பேரிங்கோ கியரோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத பளபளப்பான வெள்ளைத் துகள் அலுமினியம், அது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து வந்திருக்கும்.

ஸ்ட்ராவும் துணியும் ஒரே பதிலைச் சொன்னால் மெக்கானிக் சொன்னது சரி. அதற்குப் பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டெம்போவில் ஏற்றுங்கள். ராடு ஓடும்போது உடைந்தால் கிராங்க் கேஸையே ஓட்டை போட்டுவிடும், அப்புறம் 12,000 எந்த மூலைக்கு. லேத்தில் புது ராடு கிட் பிரஸ் செய்து முடித்ததும், கிராங்க்கை இரண்டு பக்கமும் தாங்கி வைத்து டயல் கேஜில் (சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி) சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். முள் அதிகம் ஆடினால் மறுபடி ட்ரூ பண்ண (நேராக்க) வேண்டும். இதைக் காட்ட மறுக்கிற லேத்தில் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கேஸ் பிரித்த கையோடு, கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் சைலன்சரில் நீலப் புகை குபுகுபுவென்று வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும் வரும், பிறகு நின்றுவிடும். போர் போட்டு பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகி, கோத்தகிரி

பதில்: போர் வேலைக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) சம்மதித்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) தேய்ந்ததற்கான அடையாளம். ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சும் சக்தி அதிகம், தேய்ந்த சீல் வழியாக ஹெட்டில் இருக்கும் ஆயிலை இழுத்துக்கொள்ளும். மறுபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அந்த ஆயில் எரிந்து புகையாகிறது. ராத்திரி முழுக்க நிற்கும்போதும் ஆயில் சொட்டுச்சொட்டாக இறங்கும், அதுதான் காலைப் புகை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருந்தால் மேடேறும்போது, லோடில் ஓடும்போதெல்லாம் விடாமல் புகையும்.

சந்தேகம் தீர ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்ற சோதனை) போதும். இன்ஜினைச் சூடாக்கி, பிளக் இருக்குமிடத்தில் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து, முள் ஏறி நிற்கும்வரை கிக் அடிக்க வேண்டும். வரும் அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாவது தடவை அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது, விட்ட ஆயில் அந்த இடைவெளியை அடைத்ததால்தான் ஏறியது. முதலிலும் குறைவு, ஆயில் விட்ட பிறகும் குறைவு என்றால் வால்வோ ஹெட் பேக்கிங்கோ. இரண்டு தடவையும் கம்பெனி சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் சீலை மட்டும் மாற்றுங்கள். எத்தனை வந்தது என்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள், 'கம்ப்ரெஷன் வீக்கு' என்று வாயால் சொல்வது எனக்குப் பதிலே இல்லை.

போர்தான் போயிருக்கிறது என்று வந்தாலும் ஒன்று பாருங்கள். பழைய இரும்பு ஸ்லீவ் சிலிண்டரை 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். யமஹா ஆர்15-ல் உள்ள டயாசில் மாதிரியான அலுமினிய சிலிண்டரைப் போர் போட முடியாது, பிளாக்கோடு மாற்றுவதுதான் வழி.

கேள்வி: மழையில் பார்க்கிங்கில் சீட் வரை தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு செல்ஃப் அழுத்தினேன், 'டங்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. கிக்கரும் இறங்கவில்லை. இன்ஜின் ஜாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் பகுதியில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இதே 'டங்'கைக் கேட்டவர்கள் ஏராளம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே ஏற வழியில்லை, செல்ஃப் மோட்டார் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் ராடு வளையும்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு பிளக்கை எடுங்கள், கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்து கிக்கர் சுலபமாக இறங்கினால் பாதிக் கவலை விட்டது. பிறகும் ஓரிடத்தில் இடித்து நின்றால் ராடு வளைந்திருக்கலாம், பிரித்துத்தான் ஆக வேண்டும். சுற்றினால் ஆயிலைப் பாருங்கள், பால் விட்ட டீ நிறத்தில் இருக்கும். அதை வடித்து, விலை குறைந்த ஆயில் ஊற்றி, ஏர் ஃபில்டரையும் பெட்ரோலையும் சுத்தம் செய்துவிட்டு சில நிமிடம் ஐடிலில் ஓட்டி மறுபடி வடியுங்கள். நிறம் தெளியும்வரை இதையே செய்த பிறகுதான் நல்ல ஆயில். எல்லாம் முடிந்து கம்ப்ரெஷன் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லையென்றால் ராடு கொஞ்சம் வளைந்து பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறவில்லை என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: நெடுஞ்சாலையில் போகும்போது வண்டி இழுத்துப் பிடித்தது மாதிரி நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறியதும் ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விடக்கூடாது. பிஸ்டன் ஒரு தடவை சிலிண்டரில் இறுகிப் பிடித்து, ஆறியதும் விட்டிருக்கிறது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், பத்தில் எட்டு வண்டியில் விஷயம் அங்கேயே முடியும் என்பது என் அபிப்பிராயம். போனில் மாட்டிப் பார்க்கிற சின்ன கேமரா ஆன்லைனில் கிடைக்கிறது, பிளக் ஓட்டை வழியாக விட்டு சிலிண்டர் சுவரைப் பாருங்கள். மேலிருந்து கீழாக நேர்க்கோடுகள் ஆழமாக விழுந்திருந்தால் பிளாக்கைக் கழற்ற வேண்டியதுதான். சுவர் சுத்தமாக இருந்தாலும் ஆயில் பம்ப் ஹெட் வரை ஆயில் ஏற்றுகிறதா என்று பார்க்காமல் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பாதீர்கள்.

கேள்வி: டேப்பட் செட் பண்ணிய மறுநாளே கிக்கர் லூசாகப் போகிறது, ஸ்டார்ட் ஆகவே இல்லை. பிஸ்டனில் ஓட்டையா?
– வாசகர், கரூர்

பதில்: டேப்பட்டை டைட்டாக வைத்துவிட்டார்கள், வால்வு முழுசாக மூடவில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்பெனி அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து மறுபடி செட் பண்ணச் சொல்லுங்கள். பிஸ்டனைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரிப்பேர் செலவுக்குப் பதில் சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டிவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: மாட்டலாம். ஆனால் ஆர்சியில் இருப்பது பழைய இன்ஜின் நம்பர், ஆர்டிஓவில் அதை மாற்றிப் பதிய வேண்டும், அதற்கு வாங்கிய ரசீது வேண்டும். ரசீது தராத கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கடையிலேயே பிளக்கைக் கழற்றி அந்த ஸ்ட்ரா சோதனையையும் செய்துவிடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.