கூகுளின் ரகசிய வேலைப் புதிர் என்பது என்ன?

வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்று சொல்லாமலே ஒரு நிறுவனம் வைக்கும் தேர்வு, அவ்வளவுதான். 2004-இல் சிலிக்கான் பள்ளத்தாக்கின் 101 நெடுஞ்சாலை ஓரம் கூகுள் தன் பெயரே போடாமல் ஒரு விளம்பரப் பலகை வைத்தது: 2.71828 என்று தொடங்கி முடிவில்லாமல் ஓடும் ‘இ’ (e) என்ற கணித மாறிலிக்குள் அடுத்தடுத்த இலக்கங்களாக வரும் முதல் 10 இலக்கப் பகா எண்தான் இணைய முகவரி. விடை 7427466391. அங்கே போனால் இன்னொரு புதிர், அதையும் தாண்டியவர்களிடம்தான் விண்ணப்பம் கேட்டார்கள்.

ஏன் இந்தச் சுற்றுவழி? யாரும் சொல்லாமலே உட்கார்ந்து மண்டையைக் குடைகிற ஆளைச் சான்றிதழ் காட்டிக்கொடுக்காது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ரொட்டி சானாய் போட வருகிறவரிடம் முதலாளி மாவை நீட்டி, எங்கே, வீசுங்க பார்ப்போம் என்பது போலத்தான்.

அப்புறம், தீர்த்தாலே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நேர்காணல் அதற்குப் பிறகுதான்.